அவன் கேட்ட கிழங்கு முட்டை

எங்கே தொடங்கினாலும் இது தப்பாகத்தான் வரும் என்று தோன்றுகிறது. நாளைக்கு யாராவது கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். நான் கிழங்கிலிருந்து தொடங்கினால், பயந்து சாகவேண்டிய நேரத்தில் சமையலைப் பற்றிப் பேசுகிறாள் பார் என்பார்கள். பயத்திலிருந்து தொடங்கினால், பெற்ற பிள்ளையைப் பற்றி ஒருத்தி பேசுகிற பேச்சா இது என்பார்கள். ஆறாவதோடு நின்றவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று கேட்டால் வலி வந்த கதையைச் சொல்லித் திட்டு வாங்குகிறவள். அதனால் இப்போதே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், கை அதுபாட்டுக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கட்டும். என் பேர் மரகதம். மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. இந்த லைன் வீட்டில் நானும் என் பையன் யுவராஜும். யுவராஜை மழைக்கு முன்னால் கோயமுத்தூர் பக்கம் குடியை நிறுத்துகிற ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தேன். மத்தியானம் நான் மண்டியில் இருக்கும்போது அங்கிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். காலையில் சொல்லாமல் போய்விட்டார், வீட்டுக்கு வந்தால் நீங்கள் தனியாக இருக்காதீர்கள், எங்களுக்குச் சொன்னால் வண்டி அனுப்புகிறோம் என்றார். நல்ல குரல், பேங்கில் பேசுகிறவர்கள் மாதிரி. சரிங்க சரிங்க என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து இவன். பின்னால் பஸ் இரைச்சல். "வந்துட்டிருக்கறேன்மா. கெழங்கு முட்டை போட்டு வையி." நல்லாருக்கயா சாமி என்று நான் கேட்டபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. கிழங்கு முட்டை போட்டு வை என்றான். அதுதான் மத்தியானத்திலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, ஏனென்றால் அவன் அதைக் கேட்டால், வேண்டாம், முதலில் கிழங்கு.

கிழங்கு நல்ல கிழங்கு. ஊட்டியிலிருந்து காலையில் வந்த லோடு, தோலில் மலைமண் இன்னும் ஈரமாக இருக்கிறது. எப்போதும் எடுத்து வருவது வெட்டுக்கிழங்குதான். தோண்டும்போது மண்வெட்டி பட்டதை மூட்டையில் சேர்க்க மாட்டார்கள், ஒன்று அழுகினால் மூட்டையே நாறும், அதைத் தனியாகப் பொறுக்கிப் போட்டு வேலைக்காரிகள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். என் பையன் வளர்ந்ததே வெட்டுக்கிழங்கில். இன்றைக்கு மேஸ்திரியிடம் கேட்டு முழுக்கிழங்காக வாங்கிவந்தேன். என்ன மரகதம், வீட்டில் விசேஷமா என்றார். பையன் வருகிறான் என்று சொன்னேன், சொல்லும்போது என் முகம் சிரித்தது, அது எனக்கே தெரிந்தது. சிரித்த முகத்தோடு ரோட்டைத் தாண்டி முக்கு வரைக்கும் வந்த பிறகுதான் அவன் போனில் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. இந்த இடது கை கிழங்கைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. அருவாமனையில் நறுக்குவதானால் கிழங்கைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கவேண்டும், அந்தத் திருப்பல் இந்த மணிக்கட்டுக்கு இப்போது வராது. பலகையில் வைத்து உள்ளங்கையின் அடியால் அமுக்கிக்கொண்டு கத்தியால் வெட்டுகிறேன், ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் வருகிறது, பெரிசு வேகாது, சிறிசு கரைந்துபோகும். இந்தக் கை இப்படியான அன்றைக்கு அவன் பைக் சாவியைத்தான் கேட்டான். நிற்கவே முடியாத நிலையில் இருந்தான், ஓட்டிக்கொண்டு போனால் லாரிக்கு அடியில்தான் போவான் என்று நான் அதை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். சாவி எங்கே என்றான். தெரியாது என்றேன். மறுபடியும் கேட்டான். அவன் கத்தவில்லை. இதை நான் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, கத்தவே இல்லை, துவைத்த துணியைப் பிழிகிறவன் மாதிரி பொறுமையாக என் கையைப் பிடித்துத் திருகினான். சத்தம் என் கைக்குள்ளிருந்துதான் வந்தது, காய்ந்த முருங்கைக்கொப்பு ஒடிகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் மூட்டை விழுந்துவிட்டது என்று சொன்னேன். எங்கள் மண்டியில் எது உடைந்தாலும் மூட்டைதானே விழும். டாக்டர் எழுதிக்கொண்டார். மண்டியில்தான் அது செல்லவில்லை. பழனாத்தா என் கட்டைப் பார்த்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள். "மூட்டை உழுந்தா வெரலு நசுங்கும் மரகதம். இது திருகுன கை," என்றாள். அன்றிலிருந்து என் கூடையையும் அவளே தூக்கிக் கொட்டுகிறாள். ஆனால் இதையும் சொல்லவேண்டும், இதைச் சொல்லாவிட்டால்தான் நான் பொய் சொன்னதாகும். அந்தக் கட்டு இருந்த நாளெல்லாம் எனக்குத் தலை பின்னிவிட்டவன் அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கால் எடுத்துப் பின்னுவான், கோணலாக வரும், அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவான். வலிக்குதாம்மா என்பான், தலையைக் கேட்கிறானா கையைக் கேட்கிறானா என்று தெரியாமல் இல்லைப்பா என்பேன். ஒருநாள் பின்னி முடித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். அழுகிறான் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன், திரும்பியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பானோ என்னவோ.

கிழங்கைத் தண்ணீரில் போட்டாயிற்று, இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெங்காயம் எண்ணெயில் வதங்குகிறது. கேரட் இருக்கிறது, பீன்ஸ் இருக்கிறது, கால் முட்டைக்கோஸ். எல்லாவற்றையும் ஒரே வடச்சட்டியில் போடுவதுதான் இதற்கு முறை. அப்படி முறை என்று ஒன்று வைத்து நான் செய்யவில்லை. அவன் அப்பா குன்னூர் ரோட்டில் லாரியோடு உருண்டு போய்ச்சேர்ந்த வருஷம் வீட்டில் ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். சோறு தனி, குழம்பு தனி என்று ஏற்றி இறக்க எண்ணெய் போதாது. மண்டியிலிருந்து வந்த களைப்பில் ஒருநாள் கையில் கிடைத்ததையெல்லாம் சட்டியில் போட்டு வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிட்டேன். அவன் சின்னப்பிள்ளை, பள்ளிக்கூட டிரவுசரோடு ஸ்டவ்வுக்கு எதிரில் குந்திக்கொண்டு மூடியைத் திற திற என்று உயிரை வாங்கினான். தட்டுகூட எடுக்கவில்லை, சட்டியைத் தரையில் இறக்கி ரெண்டுபேரும் பன்னை வைத்துத் தொட்டுத் தொட்டுத் தின்றோம். அடியில் காந்தல் பிடித்திருந்தது, அதைச் சுரண்டுவதற்குச் சண்டை. அம்மா இதுக்குப் பேரென்ன என்றான். பேரெல்லாம் இல்லை, கிழங்கு முட்டை என்றேன். அதுவே பேராகிவிட்டது. அப்புறம் அவன் வளர்ந்து, ஒர்க்‌ஷாப்புக்குப் போய், குடிக்கத் தொடங்கி. இங்கேதான் அந்த முள். குடிக்காத நாளில் என் பையன் எதையும் கேட்க மாட்டான். ரசம் வைத்தால் ரசம், பழையது என்றால் பழையது, தலையைக் குனிந்துகொண்டு தின்றுவிட்டு எழுந்துபோவான். குடித்த நாளில்தான் வாசலில் கால் வைக்கும்போதே, அம்மா கெழங்கு முட்டை என்பான். சின்னப்பிள்ளைக் குரலில் கேட்பான். அந்தக் குரலைக் கேட்டால் நான் சாமானை நகர்த்த ஆரம்பிப்பேன், பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா டிவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அப்படியென்றால் இன்றைக்கு. ஆனால் இன்றைக்கு அவன் குடித்திருக்க முடியாது. அந்த இல்லத்தில் சட்டைப்பையில்கூட எதையும் விடமாட்டார்கள். அங்கே கஞ்சியும் களியும் போட்டிருப்பார்கள், இத்தனை நாள் அதையே தின்றவனுக்கு வாய் கேட்காதா, ஆசையாய் இருக்காதா. வீட்டை நினைத்ததும் அதுதான் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் யாரோ ஒருவரிடம் கேட்டு அவன் போன் வாங்கியிருக்கிறான். போனைக் கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு மற்றதைக் கேட்டு வாங்கத் தெரியாதா. குரல் குழறவில்லை. குரல் அவனுக்கு என்றைக்கும் குழறியதில்லை. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கில் கட்டின மாடு மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கால் இடறுகிறது. கேட்டான். ஏன் கேட்டான்.

ரஹ்மத்தக்கா வாசலில் வந்து நிற்கிறாள். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், மேலே ஓட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சுவரும் முடிந்து இடைவெளிதான். இங்கே கடுகு வெடித்தால் அங்கே கேட்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாசனை சொல்லியிருக்கும். "வெங்காயம் வதங்கறப்பவே நெனச்சேன். வர்றானா?" என்கிறாள். தலையை ஆட்டுகிறேன். இல்லத்திலிருந்து விட்டுவிட்டார்களா என்று கேட்கிறாள். இல்லை, அவனே வந்துவிட்டான் என்கிறேன். அவள் என் சட்டியை எட்டிப் பார்க்கிறாள். ரஹ்மத்தக்காவுக்குப் பயம் வந்தால் கேலிதான் வாயில் வரும், எனக்கு அது பழக்கம். உன் கிழங்கு வாசத்துக்கு எங்க வீட்டுப் பூனை நோன்பு வைத்திருந்தாலும் முறித்துவிடும், பேசாமல் பஸ் ஸ்டாண்டில் கடை போடு, ஊரில் இருக்கிற குடிகாரன் எல்லாம் உனக்குப் பிள்ளையாகிவிடுவான் என்கிறாள். நான் சிரிக்கிறேன். அப்புறம் குரலை இறக்கி, "மரகதம், நீ எங்க வூட்டுக்கு வந்துரு. அவன் தின்னுட்டுத் தூங்கட்டும், காலைல பாத்துக்கலாம்," என்கிறாள். பெற்ற பிள்ளை வருகிறபோது வீட்டில் இல்லாமல் போனால் எப்படி அக்கா என்கிறேன். அவள் என் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

கிழங்கை வடித்துப் போட்டேன். எண்ணெயில் சடசடவென்று பொரிந்தது. தீயைக் குறைத்து உப்பு, மஞ்சள்தூள் தூவிப் பிரட்டினேன். கிழங்குக்கு முதலில் தனியாக நேரம் கொடுக்கவேண்டும், ஓரம் பொன்னிறமாக ஆன பிறகுதான் கேரட், அப்புறம் பீன்ஸ், கோஸ் கடைசியில். இதெல்லாம் கை செய்தது. கை கத்தியைக் கழுவித் துடைத்தது. கத்தியை எங்கே வைப்பது என்று நின்றேன். எப்போதும் செருகுகிற இடத்தில் செருகினால் வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். அதைக் கட்டிலுக்கு அடியில் சாக்கின்மேல் வைத்தேன். அப்புறம் அருவாமனை கண்ணில் பட்டது, அதையும் தள்ளினேன். அம்மிக்குழவி. அதைத் தூக்கக் கை வலித்தது, உருட்டிக்கொண்டே போனேன். கோஸ் வதங்குகிறதா என்று வந்து ஒருதரம் கிளறினேன், தேங்காய்த் துருவி கண்ணில் பட்டது, அதற்கு ஒரு நடை. கிளறுவதும் ஒளிப்பதுமாக நடந்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் பண்ணுகிற மாதிரி ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது, அதுவே ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது, எதையோ செய்துகொண்டிருக்கிறோம் என்று. மிளகை நுணுக்கிப் போட்டேன், அவனுக்குக் காரம் மிளகில்தான் வேண்டும். கண்ணாடிப் பாட்டில், எண்ணெய்த் தூக்கு, சுவரில் மாட்டியிருந்த அவன் அப்பா படம், அதிலும் கண்ணாடி இருக்கிறது. படத்தை எடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்றேன். எதற்கு எடுக்கிறாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது. ஒட்டடை அடிக்க என்று சொல்லலாம். வாசலில் மிதியடியைச் சரியாகப் போட்டேன், தடுக்கி விழுந்தால் அதற்கும் கோபம் வரும். அப்புறம் சட்டியில் காய்களை ஒதுக்கி, கரண்டியின் முதுகால் அங்கங்கே குழி பண்ணினேன். முட்டையை நேராக ஊற்றக்கூடாது, ஒன்று கெட்டிருந்தால் எல்லாம் போய்விடும், டம்ளரில் உடைத்துப் பார்த்து ஒவ்வொரு குழியாக ஊற்றினேன். மஞ்சள்கரு ஒன்றுகூட உடையவில்லை. இடது கையை வைத்துக்கொண்டு ஒன்றுகூட உடையாமல் ஊற்றிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. இனி மூடவேண்டும், மூடினால்தான் ஆவியில் மேற்புறம் வேகும். மூடியைத் தேடினேன். ஆணியில் இல்லை, மேடையில் இல்லை, கழுவுகிற இடத்தில் இல்லை. முட்டை அடியில் வெள்ளையாக இறுகிக்கொண்டிருக்கிறது, இனித் தாமதித்தால் கீழே தீய்ந்துவிடும், மேலே சளசளவென்று நிற்கும், அவனுக்கு அது பிடிக்காது, அது பிடிக்காவிட்டால், எங்கே அந்த மூடி. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூடியையும் நானே ஒளித்திருக்கிறேன். கத்திக்கும் முன்னால், முதல் வேலையாக. அதைத்தான் அவன் ஒருதரம் வீசினான்.

மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். இருட்டில் சாக்கின்மேல் எல்லாம் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. கத்தி, அருவாமனை, குழவி, துருவி, கண்ணாடிப் பாட்டில், கண்ணாடிக்குள்ளிருந்து அவன் அப்பா. மூடி சுவரோரம் இருந்தது. அதை எட்டி எடுக்கும்போது, இங்கே ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது, முழங்காலை மடக்கிக்கொண்டால் கால் வெளியே தெரியாது என்று தோன்றியது. தோன்றியது என்றுகூட இல்லை, அளந்தே பார்த்துவிட்டேன், உடம்பைச் சுருட்டி, புடவைத் தலைப்பை உள்ளே இழுத்து. அப்படிப் படுத்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்தேன். சட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நல்ல வாசனை. இத்தனையையும் ஒளித்துவைத்தவள் எதற்காக அங்கே போய் நிற்கப்போகிறாள் என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இனி அவன் உடைக்கக்கூடியது என்று நான் ஒருத்திதான் மிச்சம், அதை நானே துடைத்து, கோலம் போட்டு, அடுப்புக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. முட்டை தீயப்போகிறதே என்றுதான் வெளியே வந்தேன். மூடினேன். ஆவி உள்ளே புரண்டது. நிமிஷம் எண்ணாமல் நின்றேன், என் வாய்தான் சாமி சாமி என்றது. அது சாமியைக் கூப்பிட்டதா அவனைக் கூப்பிட்டதா தெரியாது, அவனையும் நான் அப்படித்தானே கூப்பிடுகிறேன். திறந்து பார்த்தேன். சரியாக வந்திருந்தது, வெள்ளை இறுகி, மஞ்சள் மேலே மெல்லிய தோல் கட்டி, கிழங்கின் ஓரமெல்லாம் சிவந்து. இவ்வளவு நன்றாக என்றைக்கும் வந்ததில்லை. கேஸை அணைத்துவிட்டு, சிலிண்டரையும் அடைத்தேன். மறுபடி மூடி, சட்டியைத் துணி பிடித்து இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தேன், பக்கத்தில் பன், சொம்பில் தண்ணீர். லைட்டைப் போட்டேன். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அடித்துத் திறப்பான், அதில் கையைக் கிழித்துக்கொள்வான், இரண்டு பக்கமும் விரியத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தேன். அப்புறம் செருப்புப் போடாமல் ரஹ்மத்தக்கா வீட்டுக்குள் போனேன். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் பாயை உதறிப் போட்டாள். என் போனை என் கையிலிருந்தே வாங்கி, அந்த இல்லத்து எண் எது என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். பின்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வண்டி அனுப்புகிறார்களாம், கொஞ்சம் நேரமாகுமாம்.

அவன் வந்துவிட்டான். குழாயடியில் செருப்பை உதறுகிற சத்தம் எனக்குத் தெரியும். சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், செங்கல் சில்லென்று இருக்கிறது. உள்ளே நடக்கிறான். அடுப்படிவரை போகிறான், திரும்புகிறான். நடை ஒழுங்காகத்தான் இருக்கிறதுபோல, இல்லை, ஒருதரம் எதன்மீதோ இடித்துக்கொண்டான், ஆனால் யார்தான் இடித்துக்கொள்ள மாட்டார்கள், பழகாத வெளிச்சத்தில். மூடியைத் திறந்து தரையில் வைக்கிறான். வீசவில்லை, வைக்கிறான். அதைக் கேட்டதும் எனக்கு எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது, ரஹ்மத்தக்கா என் முழங்கால்மேல் கையை வைத்தாள். அவள் வாயில் ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறாள். தின்கிறான். பசியோடு தின்கிறான், மூச்சு வாங்குகிறது, சூடு பொறுக்காமல் ஊதுகிறான். அவன் சின்ன வயசிலும் அப்படித்தான், ஆறவிட மாட்டான். மெதுவாடா, நாக்கு வெந்துரும் என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. இந்தச் சுவர் இல்லாவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் நேராக அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். குடித்திருக்கிறானா என்று கேட்கிறேன், காதை ஒட்டவைத்துக் கேட்கிறேன், தின்கிற சத்தத்தில் அது தெரியவில்லை. இத்தனை வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றது. அப்புறம், எங்கே பார்த்துப் பேசினானோ, ஓட்டுக்கு அடியில் இருக்கிற அந்த இடைவெளி வழியாக அவன் குரல் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. உரக்கச் சொல்லவில்லை.

"அம்மா. நீ சாப்பிட்டியாம்மா?"

ரஹ்மத்தக்கா ஓதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அப்படியே எழுந்து, சத்தம் கேட்காமல் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து, கதவுக்குப் போய், எக்கி, நல்ல கையால் மேல்தாழ்ப்பாளையும் போட்டேன்.